தாத்தா வீட்டுப் பரண்ல கிடைச்ச சாவிப் பாட்டுப்பெட்டி: எந்த மாடல், எந்தக் காலத்தது?

செக்கானூரணி_பேரன்

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் தாத்தா வீட்டு ஓட்டைப் பிரிச்சு மாத்துனோம். பரண்ல ஓரமா, சாக்கு சுத்தி, சணல் போட்டுக் கட்டி ஒரு கருப்புப் பெட்டி இருந்துச்சு. தொறந்து பார்த்தா கிராமபோன். தாத்தா செத்து பதினாறு வருசமாச்சு, அவர் இருக்கும்போதே அதை யாரும் தொட்டதில்லையாம்.

வீட்ல வழிவழியா ஒரு கதை சொல்லுவாங்க. தாத்தாவோட அப்பா ரயில்வேல வேலை பார்த்தாராம், 1900 வாக்குல ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது இதை அவருக்குப் பரிசாக் கொடுத்தாராம். எங்க மாமா ஒரு படி மேல போயி "இது எடிசன் போனோகிராப்டா, லட்சக்கணக்குல போகும்"னு எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டாரு.

ஞாயித்துக்கிழமை மதுரை திலகர் திடல் சந்தைக்குத் தூக்கிட்டுப் போனேன். பழைய சாமான் வியாபாரி ஒருத்தர் பார்த்த உடனே "1900, எடிசன்"னாரு. 1,500 ரூவா தர்றேன்னாரு. "1900 எடிசனுக்கு வெறும் 1,500 தானாண்ணே?"ன்னேன். "குழாய் இல்லையே தம்பி"ன்னாரு. எனக்குச் சரியாப் படல, கொடுக்காமத் திரும்பி வந்துட்டேன்.

போட்டோ ஒண்ணும் தெளிவா விழல. எது எதைப் பார்க்கணும்னு சொன்னீங்கன்னா பார்த்து எழுதுறேன்.

பழைய_ஊசி

தம்பி, முதல்ல மாமாவை உக்கார வைங்க. தட்டு வச்சுச் சுத்துற பெட்டியா இருந்தா அது போனோகிராப் இல்லை. எடிசன் 1877ல செஞ்சது உருளையில் பதியிற இயந்திரம். ஈயத்தாளைச் சுத்தி வச்சிருந்தாரு, அப்புறம் மெழுகு உருளை வந்துச்சு. தட்டையான தட்டுக்கு 1887ல காப்புரிமை வாங்குனவர் பெர்லினர், கிராமபோன்ங்கிற பேரும் அவர் வச்சதுதான். அமெரிக்காவுல ரெண்டையும் போனோகிராப்னே சொல்லுவாங்க, அங்கதான் குழப்பம். எடிசனும் பின்னாடி தட்டு போட்டாரு, ஆனா அது கால் அங்குல கனம், வைர ஊசி. அதுல பள்ளம் மேலும் கீழுமா ஓடும், நம்ம தட்டுல பக்கவாட்டில் ஓடும். அதனால ரெண்டுக்கும் பெட்டியே வேற.

நீங்க பார்க்க வேண்டியது:

பெட்டியோட நீள அகலம். சாவி எந்தப் பக்கம் நுழையுது. உலோகம் பளபளன்னு நீலம் கலந்த வெள்ளையா (குரோமியம்), இல்ல கொஞ்சம் மஞ்சள் ஓடுன வெள்ளையா (நிக்கல்). அப்புறம் ஊசி மாட்டுற வட்டமான மண்டை இருக்குல்ல, அதுதான் சவுண்ட் பாக்ஸ், அதைத் திருகிக் கழட்டிப் பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. பெட்டியில எது பொய் சொன்னாலும் சவுண்ட் பாக்ஸ் பெரும்பாலும் பொய் சொல்லாது. அதையும் மாத்தியிருப்பாங்க, அது வேற கதை.

செக்கானூரணி_பேரன்

ஐயா, இப்பத்தான் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். நீளம் 16 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல. அகலம் 11 சொச்சம். உயரம் 6 இருக்கும். மரப்பெட்டி மேல கருப்புத் துணி மாதிரி ஒட்டியிருக்கு, மூலையில் பிஞ்சிருக்கு. சாவி வலது பக்கம். உலோகம் நீல வெள்ளை, அங்கங்க உரிஞ்சு துரு. மூடி உள்பக்கம் நாய் படம், தலை மட்டும்தான் மிச்சம். சவுண்ட் பாக்ஸ் பின்னாடி 5பி-ன்னு இருக்கு.

பழைய_ஊசி

அப்ப சிக்கலே இல்லை. எச்.எம்.வி. 102, அந்த நாய் படக் கம்பெனியோடது. கையில தூக்கிட்டுப் போற பெட்டி.

இந்த மாடல் வந்ததே 1931ல. அதுக்கு முன்னாடி 1925ல இருந்து வந்தது 101, அதுல நாலாம் நம்பர் சவுண்ட் பாக்ஸ், உள்ள அபிரகத் (மைக்கா) தகடு. உங்களோடதுல அலுமினியத் தகடு இருக்கும், மெல்லிசா, வரி வரியா. மைக் வச்சுப் பதிவு செய்யிற முறை 1925ல வந்த பிறகு தட்டுல கீழ் சுருதியும் மேல் சுருதியும் கூடுதலா விழுந்துச்சு, அதைத் தாங்கத்தான் இந்த மாத்தம். 102 அம்பதுகள் வரைக்கும் வந்துச்சு. ஆக 1900ல துரை கொடுத்திருக்க வழியே இல்லை.

வியாபாரி "குழாய் இல்லை"ன்னது தப்பு. குழாய் இருக்கு, பெட்டிக்குள்ள மடிச்சு வச்சிருக்கு. சத்தம் பின்பக்கம் கீல் ஓரமா வெளிய வந்து, தொறந்த மூடியில் பட்டு நம்ம பக்கம் திரும்பும். மூடியை முழுசாத் தொறக்காமப் பாட வச்சா கம்பளிக்குள்ள இருந்து பேசுற மாதிரிக் கேக்கும்.

செக்கானூரணி_பேரன்

நன்றி ஐயா. சந்தோசப்படுறதா வருத்தப்படுறதான்னு தெரியல. அப்பா முகத்தைப் பார்க்கணுமே, துரை கதை போனதுல மனுசன் ராத்திரி சரியாச் சாப்பிடல.

விலைஎன்ன

தம்பி கவலைப்படாதீங்க. மோட்டார் ஓடுதுல்ல? நல்ல தேக்குப் பெட்டி ஒண்ணு, எட்டுப் பட்டை வச்சது, மேல பித்தளைக் குழாய், பூ மாதிரி விரிஞ்சது. அதுல இந்த மோட்டாரை மாட்டிட்டா ரிசார்ட்காரங்க கண்ணை மூடிட்டு 20,000 கொடுப்பாங்க. பழைய கருப்புப் பெட்டியை எவன் வாங்குவான்? நானே பார்ட்டி பிடிச்சுத் தர்றேன்.

அரக்குத்தட்டு

இதைத்தான் நான் பயந்தேன். தம்பி, தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க.

ஊர்ல "ஆன்டிக் கிராமபோன்"னு பித்தளைக் குழாயோட மின்னுதே, அதுல பெரும்பாலானது இப்படிப் பிறந்ததுதான். உங்க பெட்டி மாதிரி ஒரு போர்ட்டபிளைப் பிரிச்சு, மோட்டாரையும் தட்டையும் எடுத்துப் புதுப் பெட்டியில் போட்டு, நாய் படத் தகடு ஒண்ணு அடிச்சா முடிஞ்சது. அந்தச் சந்தை வியாபாரி 1,500 சொன்னது உங்க பெட்டிக்கு இல்லை, உள்ள இருக்கிற மோட்டாருக்கு. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதைத் தூரத்துல பார்த்தே சிரிக்கிறாங்க.

எனக்கு எப்படித் தெரியும்னா, பத்து வருசத்துக்கு முன்னாடி பழைய சாமான் கடைக இருக்கிற காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குக் கண்ணாடிச் சாமான் வாங்கப் போயி, நானும் அப்படி ஒண்ணை ஆசையா வாங்குனவ. வீட்டுக்கு வந்து குழாயைத் தட்டுனேன், தாம்பாளம் மாதிரி ணங்குன்னுச்சு. உள்ளே பார்த்தா பெட்டியோட அடிப்பலகை பிளைவுட். அந்தக் காலத்து எச்.எம்.வி. குழாய்ப் பெட்டிகளோட பெரிய விரிஞ்ச குழாய் பெரும்பாலும் பெயின்ட் அடிச்ச இரும்புத் தகடு, விலை கூடுனதுல மரம். முழுக்கப் பளபளன்னு மெல்லிசுப் பித்தளை, எட்டுப் பட்டைப் பெட்டி, குழாயைத் தாங்குற வளைவே வாசக்கதவுக் கைப்பிடி மாதிரி மொக்கையா இருக்கு, இந்த மூணும் சேர்ந்திருந்தா கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துருங்க.

நான் வாங்குனது இப்ப ஹால்ல இருக்கு, மேல பூந்தொட்டி.

விலைஎன்ன

அக்கா, எல்லா வியாபாரியும் அப்படி இல்லை. கேக்குறவங்க பித்தளைதான் கேக்குறாங்க, நாங்க என்ன செய்ய.

செக்கானூரணி_பேரன்

அக்கா சொன்னது நல்லதாப் போச்சு, விக்கல. இன்னிக்கு இன்னும் கொஞ்சம் துடைச்சுப் பார்த்தேன். மூணு விசயம் புரியல.

ஒண்ணு, ஊசிக்கை இருக்கிற இடத்துக்குப் பக்கத்துல மேல்தகட்டுல ரெண்டு ஓட்டை. கம்பெனி போட்டது மாதிரி இல்லை, ஓரம் பிசிறு. ரெண்டுலயும் மெழுகு அடைச்சிருக்கு. ரெண்டு, தட்டுக்குக் கீழ பிரேக்குக்குப் போற சின்னக் கம்பி வெட்டியிருக்கு, உடையல, கட்டிங் பிளேயரால வெட்டுன மாதிரி சப்பையா இருக்கு. மூணு, பெட்டியோட இடது பக்கம் வெள்ளைப் பெயின்ட்ல எழுத்து. சுரண்டிட்டாங்க. சாய்ச்சு வெளிச்சத்துல பார்த்தா "...ண்டு சர்வீ..." வரைக்கும் தெரியுது.

யாராச்சும் ரிப்பேர் பண்றேன்னு கெடுத்துட்டாங்களா?

கூம்புக்குழாய்

அடப்பாவி! தம்பி, உங்க தாத்தா மைக் செட் போட்டவரு.

ரொம்ப நாளா இந்த இழையைச் சும்மா வாசிச்சுட்டுப் போயிட்டிருந்தேன். இப்ப எழுதாம இருக்க முடியல. அது "சவுண்டு சர்வீஸ்". ரெண்டு ஓட்டை பிக்கப் மாட்டுறதுக்குப் போட்டது. பிக்கப்னா கரண்டு ஊசிக்கை, கிறிஸ்டல் வச்சது. பெட்டியோட சொந்தக் கையை ஓரமாத் திருப்பி வச்சுட்டு இதைத் தட்டுல வைப்பாங்க. அதுல இருந்து வயர் வால்வு ஆம்ப்ளிஃபயருக்குப் போகும், அங்கிருந்து வேப்பமரத்து உச்சியில் கட்டுன கூம்புக் குழாய்க்குப் போகும்.

கரண்டுல ஓடுற டேபிள் ஏன் வாங்கலைன்னு இப்ப உள்ள பிள்ளைக கேக்கும். ஊர்ல கரண்டு எங்க இருந்துச்சு? கார் பேட்டரியை மாட்டு வண்டியில ஏத்திட்டுப் போவோம். இருக்கிற சக்தி பூராம் ஆம்ப்ளிஃபயருக்கே பத்தாது, தட்டு சுத்துறதுக்கு வேற கொடுக்கணுமா? அதனால தட்டுக்குச் சாவி, சத்தத்துக்குப் பேட்டரி. இப்படித்தான் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் நடந்துச்சு.

பிரேக் கம்பியை வெட்டுனதும் அதுக்குத்தான். 102ல பாட்டு முடிஞ்சா தானா நிக்கும், ஆனா அது பெட்டியோட சொந்தக் கை நகர்றதை வச்சு வேலை செய்யிறது. சொந்தக் கை ஓரமா நின்னா அந்தப் பிரேக் நடுவுல நடுவுல இடைஞ்சல் பண்ணும். வெட்டி விட்டுட்டு ஒரு பையனைப் பக்கத்துல உக்கார வச்சுருவாங்க. தட்டைக் கையால நிறுத்தணும், புரட்டணும், ஊசி மாத்தணும், சாவி கொடுக்கணும்.

அந்தப் பையன் நானேதான். 1966, 67ல எனக்குப் பத்து வயசு, எங்க சித்தப்பா செட். கூலி சாப்பாடும் நாலணாவும். வாலாந்தூர்ப் பக்கம் ஒரு காதுகுத்து, ராத்திரி ரெண்டு மணி இருக்கும், கெடா வெட்டுக்கு முன்னாடி. நான் சாவிப் பிடியில கைய வச்ச மேனிக்குத் தூங்கிட்டேன். ஸ்பிரிங் தளர்ந்து, பாகவதர் பாடிக்கிட்டிருந்தவரு அப்படியே கீழ கீழ போயி, கெணத்துக்குள்ள இருந்து எருமை கத்துற மாதிரி ஆயிட்டாரு. நாலு ஊருக்குக் கேட்டிருக்கும். பொம்பளைக சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. சித்தப்பா விட்ட அறையும் இருக்கு.

தம்பி, பெட்டியோட வலது முன் மூலையைப் பாருங்க. பிரேக்குக்குப் பக்கத்துல துணி வழவழன்னு தேஞ்சிருக்கும். பையனோட மணிக்கட்டு பட்ட இடம்.

செக்கானூரணி_பேரன்

அண்ணே. தேஞ்சிருக்கு. ரெண்டு விரல் அகலத்துக்கு, பட்டு மாதிரி.

சுருள்வில்

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். மோட்டாரை ஓட வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. சாவி கொடுத்தா டொக்கு டொக்குன்னு அடிக்குதா? அது டப்பாவுக்குள்ள ஸ்பிரிங் சுருள்ல பழைய கிரீஸ் இறுகிப்போனதால வர்றது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்து திடீர்னு விடுபடும்போது அடிக்கும். நேராச் சரி பண்ண ஒரே வழி டப்பாவைத் தொறந்து, ஸ்பிரிங்கை எடுத்து, மண்ணெண்ணெய்ல கழுவி, கிராஃபைட் கிரீஸ் போடுறது. ஆனா அதை வீட்ல செய்யாதீங்க. அந்த உருக்குப் பட்டை பல அடி நீளம் இருக்கும், விட்டா அரிவாள் மாதிரி வீசும். மோட்டாரைக் கழட்டும்போதே ஸ்பிரிங் முழுசாத் தளர்ந்திருக்கணும்.

செக்கானூரணி_பேரன்

டொக்குன்னுதான் அடிக்குது. அப்பா நேத்து விளக்கெண்ணெய் ரெண்டு கரண்டி ஊத்திட்டாரு.

சுருள்வில்

ஐயோ.

பழைய_ஊசி

விடுங்க, விளக்கெண்ணெய் ஒண்ணும் விஷமில்லை, கழுவுனா போயிரும். தையல் மிசின் எண்ணெய், வேகத்தைச் சீரா வைக்கிற கவர்னருக்கும் சக்கரப் பல்லுக்கும் ஒரு சொட்டு போதும், ஸ்பிரிங் டப்பாவுக்கு எண்ணெய் உதவாது, கிரீஸ்தான். தம்பி, பழைய மிசின் பார்க்கிற ஆள் யாராச்சும் பக்கத்துல இருந்தா அவரை வச்சு டப்பாவைத் தொறக்கச் சொல்லுங்க. கடியார வேலை தெரிஞ்சவரா இருந்தா ரொம்ப நல்லது. பெரிய சுவர்க் கடியார ஸ்பிரிங் சுத்துனவருக்கு இது புதுசில்லை.

இன்னொண்ணு, சவுண்ட் பாக்ஸ் உள்ள தகட்டைப் பிடிச்சிருக்கிற ரப்பர் கல்லாயிருக்கும். பாட்டு கரகரன்னு, தகரத்தைத் தேய்க்கிற மாதிரி வந்தா அதுதான் காரணம். மாத்துறது சின்ன வேலை.

மோட்டார் தயாரானதும் வேகம் பார்க்கணும். தட்டு மேல ஓரமா ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை நீட்டி வைங்க. கடிகாரத்தைப் பிடிச்சு 20 வினாடியில் அது எத்தனை தடவை உங்க முன்னாடி வருதுன்னு எண்ணுங்க. 26 வந்தா நிமிசத்துக்கு 78, சரியான வேகம். ஊசி தட்டு மேல இருக்கும்போதே எண்ணணும், சும்மா சுத்தவிட்டு எண்ணுனா கூடுதலாக் காட்டும்.

அரக்குத்தட்டு

பெட்டியோட தட்டு எதுவும் கிடைக்கலையா? எனக்கு அதுலதான் கண்ணு.

செக்கானூரணி_பேரன்

11 இருக்குக்கா. ரெண்டு உடைஞ்சது. பூஞ்சக்காளான் பிடிச்சிருக்கு. கொஞ்சத்துல நாய் படம், கொஞ்சத்துல ரெண்டு இசைக்குறி படம், நம்பருக்கு முன்னாடி ஜி.இ.-ன்னு இருக்கு. தெருவுல பாலிஷ் போடுற ஆசாரி ஸ்பிரிட் வச்சுத் துடைச்சா பளிச்சுன்னு ஆயிரும்னாரு. துடைக்கலாமா?

அரக்குத்தட்டு

வேண்டாம்! வேண்டாம்! ஆசாரி கதவுக்குப் போடுற பாலிஷ் எதுல கரையுது? ஸ்பிரிட்ல. அந்தப் பாலிஷ் எது? அரக்கு. உங்க தட்டும் அரக்குதான், கல்மாவு கலந்து அழுத்துனது. ஸ்பிரிட் பஞ்சு பட்ட இடத்துல பாட்டே கரைஞ்சு பஞ்சோட வந்துரும். வெதுவெதுப்பான தண்ணி, ஒரு சொட்டு சோப்பு, மெல்லிசு பிரஷ்ஷால பள்ளம் ஓடுற திசையில் வட்டமாத் தேய்ங்க. நடுவுல லேபிள் நனையக் கூடாது. நிழல்ல செங்குத்தா நிறுத்திக் காய வைங்க. படுக்க வச்சு அடுக்கிட்டா கத்திரி வெயில்ல அப்பளமா வளைஞ்சிரும், ஓட்டு வீட்ல சொல்லவே வேண்டாம்.

இசைக்குறி படம் கொலம்பியா. ஜி.இ. வரிசைல சினிமாப் பாட்டு நிறைய வந்துச்சு, மைக் செட்காரர் வச்சிருக்க வேண்டியதுதான். நாய் படம் எச்.எம்.வி. ரெண்டு கம்பெனியும் 1931ல லண்டன்ல ஒண்ணாச் சேர்ந்துட்டாங்க, ஆனா தட்டுல பேர் தனித்தனியாவே ஓடுச்சு. தட்டுல "ஹானோவர்"னு ஏதாச்சும் எழுதியிருந்தா உடனே சொல்லுங்க. கல்கத்தா சியால்தாவுல 1908ல ஆலை வர்றதுக்கு முன்னாடி நம்ம ஊர்ப் பாட்டெல்லாம் ஜெர்மனிக்குப் போயி ஹானோவர்ல தட்டாகி கப்பல்ல திரும்பி வந்துச்சு. அது கிடைச்சா புதையல்.

என் ஆசை வேற. மதுரைல 1916ல பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி, சின்னப் பிள்ளையா இருக்கும்போதே அம்மா சண்முகவடிவு வீணையோட எச்.எம்.வி.க்குப் பாடுனவங்க. அந்தத் தட்டு மதுரையைச் சுத்தி ஏதாச்சும் ஒரு பரண்ல இருக்கும்னு இருபது வருசமாத் தேடுறேன். லேபிள் ஒவ்வொண்ணாப் படிச்சுச் சொல்லுங்க தம்பி.

கூம்புக்குழாய்

அக்கா, மைக் செட்காரன் பெட்டியில கச்சேரித் தட்டா? அதைப் போட்டா சமையக்காரங்களே எந்திரிச்சுப் போயிருவாங்க.

செக்கானூரணி_பேரன்

மூணு வாரமாச்சு, மன்னிக்கணும். திருமங்கலத்துல ஒரு கடியாரக்கடைப் பெரியவர் டப்பாவைத் தொறந்து கழுவிக் கொடுத்தாரு. கூலி 800. விளக்கெண்ணெய் வாசம் கடை பூரா அடிச்சுச்சாம், "யாருய்யா பெட்டிக்கு பேதி மருந்து கொடுத்தது"ன்னு கேட்டாரு. அக்கா, லேபிள் எல்லாம் பார்த்துட்டேன். ஹானோவரும் இல்லை, எம்.எஸ்.ஸும் இல்லை. எல்லாம் சினிமா, ஒண்ணு நாதஸ்வரம்.

அதைவிடப் பெரிய விசயம் அப்பத்தா. அவுகளுக்கு 88, காது கொஞ்சம் மந்தம். இதுவரைக்கும் யாருமே அவுககிட்டக் கேக்கல, அதுதான் அதிசயம். பெட்டியை முன்னாடி வச்சு "துரை கொடுத்ததா அப்பத்தா?"ன்னு கத்திக் கேட்டேன்.

"துரையாவது மண்ணாங்கட்டியாவது. உங்க தாத்தன் என் கழுத்துச் சங்கிலியை அடகு வச்சுல்ல வாங்குனான். செகண்டு. மருதைல, விளக்குத்தூணுக்கிட்ட. ரெண்டு வருசம் குழாய் கட்டுனான், ஊர்க்காரன் எவனும் வாடகை குடுக்கல. பெறவு உங்க பெரிய அத்தைக்குச் சம்பந்தம் பேச வந்தாக. மாப்பிள்ளை வீட்டுக்காரக குழாய் கட்டுறவன் வீடான்னு மூஞ்சியச் சுளிச்சாக. அன்னைக்கு ராத்திரியே எழுத்தச் சொரண்டிட்டு, துரை குடுத்ததுன்னு சொன்னான். அதான்."

அப்பா இதைக் கேட்டுட்டு வெளிய எந்திரிச்சுப் போயிட்டாரு. திரும்பி வந்து "சங்கிலியை மீட்டாரா?"ன்னு கேட்டாரு. அப்பத்தா பதில் சொல்லல, வெத்தலையை மடிச்சுக்கிட்டாக.

பழைய_ஊசி

பிக்கப் மாட்டுன காலம் இப்பத்தான் பொருந்துது. அம்பதுகள் கடைசி, அறுபது ஆரம்பம். வேகம் எண்ணுனீங்களா?

செக்கானூரணி_பேரன்

எண்ணுனேன் ஐயா. முதல்ல 24. வேகத் திருகை ரவ நகட்டுனதும் 26. நாதஸ்வரத் தட்டைத்தான் போட்டோம். தோடின்னு அப்பா சொல்றாரு, எனக்குத் தெரியாது. அப்பத்தா கைய நீட்டிப் பெட்டி மூலையைத் தொட்டு உக்காந்திருந்தாக, அண்ணன் சொன்ன அந்தத் தேஞ்ச இடம்.

ஒரு கேள்வி பாக்கி. இருந்த பழைய ஊசியையே தட்டோட ரெண்டு பக்கத்துக்கும் வச்சுட்டேன், தப்பா?

பழைய_ஊசி

பெரிய தப்பு. உருக்கு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒண்ணு. ஊசி தேஞ்சு பள்ளத்துக்கு ஏத்த மாதிரி ஆகணும், பள்ளம் தேயக் கூடாது, அதுதான் கணக்கு. ஒரு பக்கம் முடிஞ்சதும் நுனி உளி மாதிரி ஆயிரும், அடுத்த பக்கத்தை உழுதுரும். 200 ஊசி டப்பா புதுசாவே கிடைக்குது, சத்தம் கம்மியா வர்ற மெல்லிசு ஊசி வாங்குங்க. தட்டுக்கும் நல்லது, அப்பத்தா காது மந்தம்னாலும் பக்கத்து வீட்டுக்காரர் காது நல்லாத்தானே இருக்கும். பின்னாடி வந்த எல்.பி. தட்டை, அதான் வினைல் தட்டை மட்டும் இதுல போட்டுறாதீங்க, ஒரே சுத்துல செத்துப்போகும்.

கூம்புக்குழாய்

தம்பி, அந்த ரெண்டு ஓட்டையை அடைச்சிராதீங்க. என்கிட்டச் சித்தப்பாவோட பழைய கிறிஸ்டல் பிக்கப் ஒண்ணு கிடக்கு, பாடாது. சும்மா மாட்டி வைக்கலாம். அடுத்த ஞாயிறு செக்கானூரணி வர்றேன்.

செக்கானூரணி_பேரன்

வாங்கண்ணே. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். அப்பத்தா இப்பவே கேக்குறாக, சாவி கொடுக்குற பையன் சாப்பிட என்ன வேணும்னு.